கடைமடை விரல்கள்

"யூரின்ல கிருமின்னுதானே சொன்னீங்க? அப்புறம் கால் விரல் எப்படிம்மா கறுத்துப் போச்சு?"

ஐசியூ வாசலில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில், பதில் சொல்ல நான் அதிகம் சிரமப்பட்டது இதற்குத்தான். கேட்பவர் பெரும்பாலும் மகனாகவோ மருமகனாகவோ இருப்பார். கொஞ்ச நேரம் முன்புதான் பெரிய டாக்டர், "பிபி ஏறியிருக்கு, கிரியாட்டினின் இறங்குது, உயிருக்குப் பயமில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்தச் சந்தோஷத்தோடு உள்ளே போய் அம்மாவின் போர்வையை விலக்கியவர், இரண்டு காலிலும் விரல்கள் நீலம் பாய்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்திருப்பார்.

1990களின் தொடக்கத்தில் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தேன். பின்னால் மாறுதலில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து, சர்வீஸில் பாதிக்கு மேல் ஐசியூவிலேயே கழித்து ஓய்வு பெற்றேன். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்து போவார்கள். நோயாளியின் கையையும் காலையும் 24 மணி நேரமும் தொட்டுக்கொண்டிருப்பது நாங்கள்தான். விரலின் நிறம் மாறுவதை முதலில் பார்ப்பதும் நர்ஸ்தான்.

இது அபூர்வமாக வருவது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீர்க்கடுப்பு வந்தவர்களில் பெரும்பாலோர் சில நாள் மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறார்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறினாலும், நேரத்தோடு ஊசி போட்டால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். கிருமி ரத்தத்தில் கலந்து பிபி விழுந்து, விழுந்த பிபி வெகுநேரம் எழாமல் கிடந்தவர்களில்தான், அவர்களிலும் சிலருக்குத்தான், இந்தக் கொடுமை. ஆனாலும் பார்த்தவர்களுக்கு மறக்காது.

நான் முதன்முதலில் பார்த்தது கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. தீப்பெட்டி ஆபீஸில் வேலை. சர்க்கரை இருந்தது, மாத்திரை ஒழுங்காகப் போடுவதில்லை. நாலைந்து நாளாகக் குளிர் காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடும் நடுக்கம், வலது விலாவில் வலி. சூடு பிடித்துக்கொண்டது என்று இளநீரும் சீரகத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்கள். ஊர்க் கம்பவுண்டர் ஒருவர் இரண்டு ஊசி போட்டிருக்கிறார். எங்களிடம் வந்தபோது பிபி 60தான் இருந்தது. கீழ் அளவு கேட்கவே இல்லை. இரண்டு நாள் போராட்டத்துக்குப் பிறகு பிபி ஒரு நிலைக்கு வந்தது. மூன்றாம் நாள் காலை உடம்பு துடைக்கப் போனபோது பத்துக் கால் விரலும் ஊதா நிறம். கை விரல்களின் நுனியிலும் அதே நிறம் தொடங்கியிருந்தது.

எங்கள் யூனிட் சீஃப் வந்து பார்த்தார். ஹவுஸ் சர்ஜனை அழைத்து, "கால் பாதத்து மேல விரல வச்சுப் பாரு" என்றார். பையன் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "துடிப்பு இருக்கு சார்" என்றான்.

"அந்தக் கால்ல?"

"அதுலயும் இருக்கு சார்."

"இருக்குல்ல? அப்ப பெரிய குழாய் அடைக்கல. இது வேற."

கால் ரத்தக் குழாய் அடைத்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருந்தோம். பீடி குடித்துக் குடித்துக் காலை இழந்தவர்கள் எல்லா வார்டிலும் இருப்பார்கள். அவர்களுக்கு அநேகமாக ஒரு கால்தான் சில்லிட்டு, வலித்து, துடிப்பில்லாமல் கிடக்கும். இங்கே இரண்டு பக்கமும் ஒன்று போல, துடிப்பும் இருக்கிறது, விரல் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது. 1891ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்து எழுதி வைத்ததாக சீஃப் அன்று சொன்னார். நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம், எங்களுக்கு அன்றுதான் புதிது.

அவர் விளக்கிய விதத்தைத்தான் நான் கடைசிவரை உறவினர்களிடம் சொல்லி வந்தேன். சிறுநீரில் தொற்றை உண்டாக்குவது பெரும்பாலும் நம் குடலிலேயே வசிக்கும் ஈ.கோலை கிருமிதான். அது ரத்தத்தில் இறங்கினால், அதன் உறையிலுள்ள நச்சு உடம்பு முழுவதும் ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிடும். குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே கசியும். பிபி விழும். இருக்கிற கொஞ்ச ரத்தத்தை உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? உடம்புக்கு விரல்கள்தான் கடைமடை. மூக்கு நுனியும் காது மடலும்கூட அப்படித்தான்.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரோட்டீன் சி போன்ற பொருட்களைக் கல்லீரல்தான் உண்டாக்குகிறது. பிபி விழுந்த அந்த அதிர்ச்சி நிலையில் கல்லீரலும் அடிபட, அவை தீர்ந்துபோகின்றன. மயிரிழை போன்ற நுண்குழாய்களுக்குள் ரத்தம் பொடிப்பொடியாக உறைந்து அடைக்கிறது. அப்படி உறைவதிலேயே பிளேட்லெட் எல்லாம் செலவழிந்து போவதால், அதே நோயாளிக்கு ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது. விரலில் உறைகட்டி, பல் ஈறில் கசிவு. இரண்டையும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் பார்க்கும்போது புதிதாக டூட்டிக்கு வந்த பிள்ளைகள் திகைத்துப் போவார்கள்.

அந்தக் காலத்தில் எங்களிடம் ஐசியூ என்று இருந்தது வார்டின் மூலையில் திரை கட்டிய நாலு கட்டில். பிபியைத் தூக்க டோபமின். சலைன் பாட்டிலில் கலந்து, மைக்ரோ டிரிப் செட்டில் சொட்டு எண்ணி ஓடவிடுவோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். நோயாளி கையை மடக்கினால் சொட்டு நின்றுவிடும், பிபி சரியும். புறங்கை நரம்பில் ஓடுகிற மருந்து தோலுக்கடியில் கசிந்தால் அந்த இடமே புண்ணாகிவிடும். பிறகு கழுத்து வழியாகப் பெரிய நரம்பில் லைன் போடுவது வழக்கமாயிற்று. சிரிஞ்ச் பம்ப் வந்தது. டோபமின் போட்டவர்களுக்கு இதயத் துடிப்புக் கோளாறு அதிகம் என்று 2010ல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அதற்குள்ளாகவே பிபியைத் தூக்கும் இன்னொரு மருந்தான நார்அட்ரினலின் எங்கள் அலமாரிக்கு வந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்து சிரிஞ்ச் பம்ப் அளவுக்கு நர்ஸின் நிம்மதியைக் கூட்டிய கருவி வேறு இல்லை.

இந்த நார்அட்ரினலினை வைத்துத்தான் பெரிய தகராறு ஒன்று நடந்தது. மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், தன் அத்தையின் கை விரல்கள் கறுத்ததும் பம்ப்பில் எழுதியிருந்த பெயரை செல்போனில் தட்டிப் பார்த்திருக்கிறார். ரத்தக் குழாய்களைச் சுருக்கும், விரல்களுக்கு ரத்த ஓட்டம் குறையலாம் என்று அதில் இருந்தது. "நீங்க ஏத்துன மருந்துதான் கையைக் கெடுத்துச்சு" என்று கூட்டம் கூட்டிவிட்டார். வேறு டாக்டராக இருந்தால் மறுத்துப் பேசியிருப்பார். அன்று டூட்டியில் இருந்த உதவிப் பேராசிரியை, "நீங்க படிச்சது சரிதான் தம்பி, அதுக்கும் பங்கு இருக்கு" என்று ஆரம்பித்தார். பிறகு கேஸ் ஷீட்டைத் திறந்து முந்திய இரவு மணிக்கு மணி எழுதிய பிபியைக் காட்டினார். மருந்து ஆரம்பிக்கும் முன் 50. விரல்கள் அப்போதே சில்லிட்டு வெளிறியிருந்ததாக என் கையெழுத்தில் ஒரு குறிப்பு. "இந்த மருந்த நிறுத்தியிருந்தா விரல் பிழைச்சிருக்காது, உங்க அத்தைதான் போயிருப்பாங்க." அந்த இளைஞர் அதற்குமேல் பேசவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் வந்தது. பிபி மருந்து ஆரம்பிக்கும்போதே உறவினரை உட்காரவைத்து, உயிரைக் காப்பாற்ற முயல்கிறோம், கை கால் விரல்களுக்குச் சேதம் வரலாம் என்று சொல்லிவிடுவது. கையெழுத்தும் வாங்குவார்கள். கையெழுத்தைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. உட்காரவைத்துச் சொன்ன அந்த ஐந்து நிமிடத்துக்குத்தான் மதிப்பு. முன்னால் சொன்னால் அது விளக்கம். பின்னால் சொன்னால் அதையே சாக்கு என்பார்கள்.

விரல் கறுக்கப் போகிறது என்பது கறுப்பதற்கு முன்பே தெரியும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் எண் காட்டாமல் கோடு கோடாக நிற்கும். புதுப் பிள்ளைகள் மெஷின் ரிப்பேர் என்று வேறு கிளிப் தேடி ஓடுவார்கள். மெஷினில் கோளாறு இருக்காது. அந்த விரலுக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. கிளிப்பைக் காது மடலுக்கு மாற்றிவிட்டு, முதலில் டாக்டரைக் கூப்பிட வேண்டும். நகத்தையோ விரல் நுனியையோ அழுத்தி வெளிறச் செய்துவிட்டு, விட்டால் எத்தனை விநாடியில் சிவப்பு திரும்புகிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. மூன்று விநாடிக்கு மேல் போனால் சரியில்லை. எங்கள் பழைய ஹெட் நர்ஸ் செய்துகொண்டிருந்ததுதான் இது. 2019ல் தென் அமெரிக்க நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றில், விலை கூடிய லாக்டேட் பரிசோதனையை வைத்து நடத்திய சிகிச்சைக்கு இந்த விரல் அழுத்தும் முறை சளைக்கவில்லை என்று வந்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

அடுத்து நாங்கள் கவனிப்பது மோதிரத்தையும் மெட்டியையும். நிறைய சலைன் ஏற்றுவதால் உடம்பு ஊதும். கழற்றாத மோதிரம் ஊதிய விரலை நெரிக்கும். ஏற்கனவே ரத்தம் போதாத விரலுக்கு அது வேறு. எங்கள் ஊர்ப் பெண்கள் மெட்டியைக் கழற்றச் சம்மதிப்பது லேசில்லை. "புருஷன் உசுரோட இருக்கறப்ப எப்படிம்மா கழட்டுறது?" என்று ஒரு மாமியார் கட்டிலை மறித்து நின்றுவிட்டார். அந்தப் புருஷனையே உள்ளே அழைத்து, அவர் கையாலேயே கழற்றவைத்து, மஞ்சள் துணியில் முடிந்து அவர் பையில் வைக்கச் சொன்னேன். அதன்பிறகு எல்லாருக்கும் அதே வழிதான். ஊதிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்துக்கு நூல் வைத்தியம்: தையல் நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுபக்கத்தை விரல் கணு வரை இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றி, உள்ளே நுழைத்த முனையைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் கணுவைத் தாண்டி நழுவி வந்துவிடும். விரல் நிறம் மாறியிருந்தால் இதில் நேரம் கடத்தக் கூடாது. கட்டர் வைத்து வெட்ட வேண்டியதுதான். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறும் அப்படியே.

உறவினர்கள் செய்யும் இன்னொரு காரியம் ஒத்தடம். கால் சில்லென்று இருக்கிறதே என்ற பாசத்தில் ஃபிளாஸ்க் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றிப் பாதத்தில் வைத்துவிடுவார்கள். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பார்கள். மயக்கத்தில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. ரத்த ஓட்டமில்லாத தோலோ அந்தச் சூட்டைத் தாங்காது. கொப்புளம் கிளம்பி, உலர்ந்து போக வேண்டிய விரல் ஈரப் புண்ணாகிவிடும். விரல்களுக்கு இடையில் உலர்ந்த பஞ்சு வைத்து, தளர்வாகச் சுற்றி, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் தூக்கி வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது. ஒத்தடம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் நோய் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகும். நோய் இருப்பது சிறுநீரகத்தில். கல் ஒன்று குழாயை அடைத்து, அதற்குப் பின்னால் சீழ் தேங்கியிருந்தால், எவ்வளவு உயர்ந்த ஆன்டிபயாடிக் போட்டாலும் காய்ச்சல் இறங்காது. சீழை வெளியேற்ற வேண்டும். சிறுநீர்ப்பை வழியாக டிஜே ஸ்டென்ட் என்ற குழாயை வைப்பார்கள், அல்லது முதுகு வழியாக நேராகச் சிறுநீரகத்துக்குள் குழாய் விடுவார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு பயங்கரம் உண்டு: கிருமி சர்க்கரையைத் தின்று சிறுநீரகத்துக்குள்ளேயே காற்றை உண்டாக்கிவிடும். சி.டி. ஸ்கேன் படத்தில் சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கறுப்பாகக் குமிழ்கள் தெரியும். இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சர்க்கரைக்காரர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இதற்கு அந்தச் சிறுநீரகத்தையே வெட்டி எடுப்பார்கள். பிபி 70ல் இருக்கும் நோயாளியைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போவோம், திரும்பி வருவது நிச்சயமில்லை. இப்போது பலருக்குக் குழாய் வைத்துச் சீழும் காற்றும் வெளியேறினாலே போதுமாகிறது. நடு இரவில் வீட்டிலிருந்து கிளம்பி வந்து, விடியும்வரை காத்திருக்காமல் ஸ்டென்ட் போட்ட யூராலஜி டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். பல பேருடைய விரல்கள் மிஞ்சியது அந்த இரவு நேரக் குழாயால்தான் என்பது என் கணிப்பு.

நேரத்தைப் பற்றி உலகமே பேசத் தொடங்கியது 2000க்குப் பிறகுதான். ரத்தத்தில் கிருமி கலந்த அதிர்ச்சிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வேண்டும் என்று 2004ல் சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. பிபி விழுந்த பிறகு ஆன்டிபயாடிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழெட்டு சதவீதம் குறைவதாக 2006ல் ஓர் ஆய்வு சொன்னது. அதற்கு முன் எங்களிடம், மருந்துச் சீட்டு எழுதி, உறவினர் வெளியே போய் வாங்கி வந்து, டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்த்து, அப்புறம் முதல் ஊசி ஏறுவதற்குள் அரை நாள் ஆகிவிடும். பின்னால் அவசர அலமாரியிலேயே ஊசி இருக்கும்; ரத்தமும் சிறுநீரும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு எடுத்த கையோடு முதல் டோஸ் போட்டுவிடுவோம். 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்ததும் இதில் பெரிய மாற்றம்தான். மினி பஸ்ஸில் மடியில் சாய்த்துக் கொண்டுவரும் நோயாளிகள் குறைந்தார்கள்.

ஒரு பக்கம் நேரம் மிச்சமானது, இன்னொரு பக்கம் மருந்து கைவிடத் தொடங்கியது. சேர்ந்த புதிதில் ஜென்டாமைசினுக்கும் சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கும் கிருமிகள் அடங்கின. போகப் போக கல்ச்சர் ரிப்போர்ட்டில் 'ஆர்' என்ற எழுத்துதான் வரிசையாக நிற்கும். அந்த மருந்து வேலை செய்யாது என்று அர்த்தம். கடைசி ஆயுதம் என்று வைத்திருந்த மெரோபெனமை உடைக்கும் என்டிஎம்-1 என்ற நொதியைப் பற்றி 2010ல் லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் இதழில் கட்டுரை வந்தபோது, அதில் சென்னையில் எடுத்த கிருமிகளும் இருந்தன. மெடிக்கல் ஷாப்பில் "யூரின் எரிச்சலுக்கு ரெண்டு மாத்திரை" என்று வாங்கி, எரிச்சல் நின்றதும் மிச்சத்தை அலமாரியில் போடுகிறோமே, அந்தப் பழக்கத்துக்கு இதில் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்படி விரல் கறுப்பது வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் மட்டும் வருவது என்று நாங்களே நினைத்துக்கொண்டிருந்த காலத்தில், 2009 ஜனவரியில் பிரேசிலிலிருந்து ஒரு செய்தி வந்தது. மரியானா பிரிடி என்ற மாடல் அழகி, வயது 20. முதலில் சிறுநீரகக் கல் என்று நினைத்திருக்கிறார்கள். சூடோமோனாஸ் கிருமியின் சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, கைகளையும் பாதங்களையும் எடுத்தும் அந்தப் பெண் பிழைக்கவில்லை. நர்ஸிங் ஹாஸ்டல் பிள்ளைகள் அந்தப் பெண்ணின் படத்தைச் செல்போனில் காட்டி, "இவ்வளவு சின்னப் பொண்ணுக்கா சிஸ்டர்?" என்று கேட்டார்கள். சின்னப் பெண்ணுக்கும் வரும். அபூர்வம்தான், ஆனாலும் வரும்.

இளம் பெண்களைப் பற்றி எனக்கு வேறொரு ஆதங்கம். துணிக்கடையில், நகைக்கடையில், பந்தோபஸ்து டூட்டியில் நிற்கும் பெண்கள் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே, போக இடம் எங்கே? எங்கள் நர்ஸ்களே அப்படித்தான். சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே வழி செய்கிறது. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021ல் சட்டத் திருத்தம் வந்தது, நல்லது. அவர்கள் கூசாமல் போகிற மாதிரி ஒரு கழிப்பறையும் ஒவ்வொரு கடையிலும் வந்தால் என்னைப் போன்றவர்களுக்கு வேலை குறையும்.

கறுத்த விரல்களை உடனே வெட்டிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலர்ந்து கறுத்திருந்தால் சர்ஜன்கள் காத்திருப்பார்கள். முதல் வாரத்தில் பாதம் வரை கறுத்திருப்பது, போகப் போகப் பின்வாங்கி விரல்களோடு நின்றுவிடலாம். செத்த இடத்துக்கும் உயிருள்ள இடத்துக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாக விழும்வரை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், பொறுத்திருக்க வேண்டும். சில விரல் நுனிகள் தானாகவே உதிர்ந்துவிடுவதும் உண்டு. ஈரம் கட்டி, நாற்றம் எடுத்து, மறுபடி காய்ச்சல் வந்தால் மட்டும் காத்திருப்பு கிடையாது. இந்தக் காத்திருப்புதான் வீட்டாருக்குத் தாங்க முடியாதது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு சோறு ஊட்ட வேண்டும்.

மதுரையில் பூக்கட்டி விற்கும் ஓர் அக்காவுக்கு வலது கையில் மூன்று விரல்களின் நுனியும் இடது கையில் இரண்டும் போயின. மல்லிகை கட்டுவது முழுக்க விரல் நுனி வேலை. இடது கைப் பெருவிரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவே இரண்டு இரண்டு பூவாக எதிரெதிரே வைத்து, வலது கையால் நாரைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "நார் பிடிக்க முடியுமா தாயி?" முடியவில்லை. கட்டுவதை மகளிடம் விட்டுவிட்டு, அளந்து விற்பதை மட்டும் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் கடைப்பக்கம் போனேன். முழங்கையிலிருந்து அளந்துகொண்டே, "என் முழம் கொஞ்சம் குறைஞ்சு போச்சுல்ல, அதான் முழத்துக்கு ஒரு சாண் கூடப் போட்டுடறேன்" என்று சிரித்தார். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இவரால் வியாபாரம் கெடுகிறது என்று கோபமாம்.

காலை இழந்தவர்களுக்கு வழி உண்டு. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் செயற்கைக் கால் செய்து தருகிறது. 1968ல் உருவான ஜெய்ப்பூர் கால் போட்டுக்கொண்டு வயலில் இறங்கி வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கை அப்படியில்லை, செயற்கைக் கை பெரும்பாலும் பார்வைக்குத்தான் உதவும், பூக்கட்ட உதவாது. இரண்டு கையும் இழந்த ஒருவருக்கு 2018ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை மாற்று அறுவை செய்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். தொற்றால் கையை இழந்தவருக்கு அது சுலபமான முடிவல்ல.

கடைசியாக வயதானவர்களைப் பற்றி. சிறுநீரில் கிருமி இருந்தாலும் அவர்களுக்குப் பல சமயம் காய்ச்சலே வராது. நேற்றுவரை பேரன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று சம்பந்தமில்லாமல் பேசுவார், ராத்திரி முழுக்க அனத்துவார், சாப்பாட்டை ஒதுக்குவார். வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். திடீரென்று வந்த தடுமாற்றம் என்றால் அன்றைக்கே பிபியும் சிறுநீரும் பார்க்க வேண்டும்.

புராஸ்டேட்டுக்காகவோ, வாதம் வந்து படுத்ததாலோ வீட்டில் யாருக்காவது யூரின் டியூப் போட்டிருந்தால், அதைப் போட்ட தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள். சாதாரண ரப்பர் டியூப் என்றால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, சிலிக்கான் டியூப் என்றால் அதிகம் போனால் மூன்று மாதத்துக்குள் மாற்ற வேண்டும். எட்டு மாதம் மாற்றாமல் கல் போல இறுகிப்போன டியூபோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது மறைப்பதற்காக அதை மடியில் வைத்துக்கொள்கிறார்கள், உள்ளே இருப்பது திரும்ப ஓடும். தரையிலும் பட விடாதீர்கள். டியூப் போட்டவருக்குக் குளிர் நடுக்கம் வந்தாலோ, பையில் சிறுநீர் குறைந்தாலோ, கை கால் சில்லிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108 ராத்திரியிலும் வரும்.